ஊர்ப் பெயர் ஒரே எழுத்து: லோஃபோட்டனில் இருக்கும் 'ஓ'

வழிப்போக்கன்:
எல்லாருக்கும் வணக்கம். போன ஜூனில் நார்வே போய் வந்ததை எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு விடாத மழை, வெளியே போக வழியில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

போடோவில் கப்பல் ஏறினால் மூன்று மணி நேரத்துக்கு மேல் திறந்த கடல். எனக்கு வயிறு புரட்டி எடுத்துவிட்டது. பாதி வழிக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். திறந்து பார்த்தால் எதிரே ரம்பப் பல் மாதிரி மலை வரிசை, அடிவாரம் என்று ஒன்று இல்லாமல் கடலிலிருந்து நேராகக் கிளம்பி நிற்கிறது. அதுதான் லோஃபோட்டன் தீவுகள். இறங்குமிடம் மொஸ்கெனெஸ். அங்கிருந்து தெற்கே 5 கிலோமீட்டர் போனால் சாலை முடிந்துவிடும். ஸ்வீடனில் லூலியோவில் ஆரம்பித்து 800 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வரும் ஈ10 நெடுஞ்சாலை, ஒரு குட்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்ததும் கார் நிறுத்தும் இடத்தில் போய் நின்றேவிடுகிறது. அங்கே இருக்கும் மீனவ ஊருக்குப் பெயர் 'ஓ'. அவ்வளவுதான், ஒரே எழுத்து.

ஆங்கில 'ஏ'யின் தலையில் சின்னதாக ஒரு வட்டம் போட்டால் அந்த எழுத்து. நார்வே நெடுங்கணக்கில் 29ஆவது, கடைசி எழுத்தும் அதுதான். சாலையும் கடைசி, எழுத்தும் கடைசி. பழைய நார்ஸ் மொழியில் ஓடை என்று பொருள். 1917இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை இரண்டு 'ஏ' சேர்த்து எழுதியிருக்கிறார்கள். ஊர்ப் பெயர்ப் பலகையைச் சுற்றுலா வருகிறவர்கள் அடிக்கடி கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்களாம்!

தண்ணீருக்குள் கால் ஊன்றிய சிவப்பு மர வீடுகள், 1844இல் கட்டிய பேக்கரி (இன்னும் பட்டைத்தூள் போட்ட சுருள் பன் சுடுகிறார்கள், நான் மூன்று தின்றேன்), பழைய தபால் நிலையம், கொல்லுப்பட்டறை, மீனெண்ணெய் காய்ச்சும் கொட்டகை. ஊரில் பாதி அருங்காட்சியகம், பாதியில் ஆட்கள் இருக்கிறார்கள். ஜன்னல் விளிம்பெல்லாம் ஒரு வகைக் கடற்காகம் கூடு கட்டிக் கத்துகிறது. ராத்திரி 12 மணிக்கும் வெயில். அந்த வெயில், அந்தக் கத்தல், எங்கே தூங்குவது? ஆனாலும் அத்தனை அழகு, எடுத்த படங்களையும் போட்டிருக்கிறேன். இந்த ஊரின் வரலாறு தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

குறுக்குக்கேள்வி:
நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஒரு சந்தேகம். அது ஊரா, இல்லை ஊர் மாதிரி வைத்திருக்கிற செட்டா? படங்களில் பார்க்கும்போது ஒரு மனிதன்கூட வேலை செய்கிற மாதிரி தெரியவில்லை. சிவப்பு வீட்டு வாசலில் காப்பிக் கோப்பையோடு சுற்றுலாக்காரர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒஸ்லோ மாமா:
தம்பி வழிப்போக்கன், வடிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் போனது பிழையான மாதம். ஜூனில் போனால் கடை பூட்டின பிறகு சந்தைக்குப் போன மாதிரி. மார்ச்சில் போயிருக்க வேணும்.

நான் 80களின் கடைசியில் நோர்வேக்கு வந்தவன். ஒஸ்லோவுக்கு முன்னம் சில வருடம் பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை. அந்தக் காலத்தில் வடக்கே மீன் வெட்டுகிற மேசைகளில் எங்கட பெடியன்கள் கனபேர் நின்றார்கள். லோஃபோட்டனுக்குப் பிறகு மூன்று நான்கு தரம் போய் வந்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மாரியில், குளிர்காலத்தில்தான்.

அந்த ஊரின் முழுக் கதையும் ஒரு மீன். காட் மீன். பாரன்ட்ஸ் கடலில் வளர்ந்த காட், ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை முட்டை போடுவதற்குப் பல நூறு கிலோமீட்டர் நீந்தி லோஃபோட்டனுக்கு முன்னால் இருக்கிற வெஸ்ட்ஃபியோர்டுக்கு வரும். அப்படி ஊர் விட்டு வருகிற காட்டுக்கு 'ஸ்க்ரை' என்று தனிப்பெயர். பிடித்து, தலையை வெட்டி, குடலை எடுத்து, இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரப் பந்தலில் தொங்கவிடுவார்கள். பெரிய பந்தல்கள், கோயில் கொட்டகை உயரத்துக்கு. பிப்ரவரி தொடங்கித் தொங்குவது மே, ஜூனில்தான் இறங்கும். 5 கிலோ மீன் ஏறினால் 1 கிலோ கட்டை இறங்கும். கட்டை என்பது சும்மா சொல்லவில்லை, அதால் ஆளை அடித்தால் மண்டை உடையும்.

உப்பு ஒரு துளி இல்லை. காற்று மட்டும்.

நெய்தல்:
மாமா, ஒரு நிமிஷம். உப்பு இல்லாமலா? எங்க வீட்டில் தாத்தா காலத்திலிருந்து தூத்துக்குடியில் கருவாட்டு வியாபாரம். உப்புப் போடாமல் வெயிலில் போட்டால் மறுநாளே ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். அங்கே மட்டும் எப்படி?

ஒஸ்லோ மாமா:
நல்ல கேள்வி பிள்ளை. கருவாட்டுக்கார வீட்டுப் பிள்ளைதான் இதைக் கேட்கும்.

அந்த இடம் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, 68 பாகை அட்சரேகைக்குக் கிட்ட. கணக்குப்படி பார்த்தால் கடல் உறைந்து கிடக்க வேணும். ஆனால் அட்லாண்டிக்கில் இருந்து வருகிற வெந்நீரோட்டத்தால் மாரியில்கூட வெப்பநிலை சைபரைச் சுற்றியே நிற்கும். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. கூடக் குளிர்ந்தால் மீன் உறைந்து சதை வெடித்துவிடும். கூடச் சூடானால் நீங்கள் சொன்ன ஈ வந்துவிடும். லோஃபோட்டனில் ஈ எழும்புவதற்கு முன்னமே மீன் காய்ந்து முடிந்துவிடும். கடவுள் அந்த ஊருக்குக் கொடுத்த சீதனம் அந்தச் சைபர்தான். மண் இல்லை, மரம் இல்லை, நெல்லோ கோதுமையோ எதுவும் விளையாது.

காய்ந்த பிறகுதான் எனக்குப் பிடித்த கட்டம். 'வ்ராக்கர்' என்று ஒருவர் இருப்பார், தரம் பிரிக்கிறவர். ஒரு மேசை, அதில் மீன் வந்து வந்து விழும். ஒன்றைத் தூக்குவார், நீளம் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், கழுத்துப் பக்கம் மணப்பார், வீசுவார். சில வினாடிதான். 20 தரம் வரைக்கும் பிரிக்கிறார்கள். தரங்களின் பெயரைக் கேளுங்கள்: ராக்னோ, வெஸ்த்ரே மாக்ரோ, கிராண்ட் பிரெமியே, லுப், பிரேமர், ஹொல்லெண்டர். பாதி இத்தாலி, பாதி ஜேர்மன், ஹொலந்து. சில தரங்களுக்கு, மீன் எந்த ஊருக்குப் போனதோ அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அங்கே அதற்கு நம்ம ஊர்ப் புவிசார் குறியீடு மாதிரி ஒன்றும் உண்டு.

மிளகுரசம்:
மாமா இத்தாலி என்றதும் நான் வந்தே ஆக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையை எங்கே சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

பியெத்ரோ குவெரினி என்று ஒரு வெனிஸ் வணிகர். 1431இல் கிரீட் தீவிலிருந்து திராட்சை ரசமும் மசாலாப் பொருட்களும் ஏற்றிக்கொண்டு ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) போகக் கிளம்பினார். புயலில் சுக்கான் போய், கப்பல் வடக்கே வடக்கே அடித்துக்கொண்டு போனது. கடைசியில் கப்பலைக் கைவிட்டு இரண்டு படகுகளில் ஏறினார்கள். ஒரு படகு என்ன ஆனதென்றே தெரியவில்லை. இன்னொன்று 1432 ஜனவரியில் 'ரொஸ்ட்' தீவுக்குப் பக்கத்தில் ஆளில்லாத ஒரு திட்டில் ஒதுங்கியது. 68 பேரில் மிஞ்சியது 11 பேர். ரொஸ்ட் என்பது வழிப்போக்கன் போன ஊருக்குத் தென்மேற்கே, லோஃபோட்டன் சங்கிலியின் கடைசி மணி.

ரொஸ்ட் மீனவர்கள் இவர்களைக் கண்டுபிடித்து வீட்டில் வைத்துச் சோறு போட்டார்கள் (சோறு எங்கே, மீன்தான்). அப்போது அந்தத் தீவில் இருந்ததே 120 பேர் போல. மே மாதம் வரை தங்கியிருந்து ஊர் திரும்பி எல்லாவற்றையும் எழுதிவைத்தார் குவெரினி: உப்பில்லாமல் காற்றிலும் வெயிலிலும் காயவைக்கிறார்கள், கட்டை மாதிரி ஆகிவிடுகிறது, கோடரியின் பின்பக்கத்தால் அடித்து நாராக்கி வெண்ணெய் போட்டுச் சாப்பிடுகிறார்கள் என்று. சொர்க்கத்தின் முதல் வட்டத்தில் இருந்த மாதிரி இருந்தது என்றும் எழுதினார். குளிரில் செத்துப் பிழைத்த ஆள் அப்படிச் சொல்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வெனிஸ் பக்கத்தில் இன்றைக்கும் இந்த மீன்தான் 'பக்கலா' என்ற பெயரில் பெரிய சாப்பாடு. குவெரினி கொண்டுவந்தது என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள்.

வியாபாரம் அதைவிடப் பழசு. ஹெடெபி என்ற வைக்கிங் காலச் சந்தை ஊரில் தோண்டியெடுத்த காட் எலும்புகளின் மரபணுவைப் பார்த்து, அது இந்த வடக்குக் கடல் மீன்தான் என்று 2017இல் கண்டுபிடித்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே மீன் அங்கிருந்து இன்றைய ஜெர்மனி வரை போயிருக்கிறது. பின்னால் நார்வேயின் பெர்கன் நகரத்தில் ஹன்சா என்ற ஜெர்மன் வணிகக் கூட்டமைப்பின் ஆட்கள் உட்கார்ந்துகொண்டு மொத்த வியாபாரத்தையும் கையில் எடுத்தார்கள், தானியத்தைக் கொடுத்து மீனை வாங்கினார்கள்.

குறுக்குக்கேள்வி:
கொடுத்து வாங்கினார்கள் என்று எவ்வளவு சாதுவாகச் சொல்கிறீர்கள்! தானியம் விளையாத ஊரில் தானியம் விற்கிறவன் வைத்ததுதானே விலை? கடனில் மாவு வாங்கிய மீனவன் அடுத்த வருஷ மீனையும் சேர்த்து அடகு வைத்திருப்பான்.

வழிப்போக்கன் போட்ட சிவப்பு வீட்டுக்கு வருகிறேன். அதற்கு 'ரூர்பு' என்று பெயர். ரூ என்றால் துடுப்பு வலிப்பது, பு என்றால் குடில். துடுப்பு போட்டு வந்தவன் தங்குகிற குடில். 1100களின் தொடக்கத்தில் ஐஸ்டைன் என்ற ராஜா லோஃபோட்டனின் வோகன் பக்கத்தில் முதல் ரூர்புகளைக் கட்டவைத்தார் என்பார்கள், அதற்கு முன்னால் கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் தூங்கினார்கள் என்பார்கள். சரி, அது நல்ல காரியம். ஆனால் பின்னால் வந்த கதை வேறு. ஊர் மொத்தமும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். குடில் அவனுடையது, கடை அவனுடையது, மீன் வாங்குவதும் அவன். இந்த மாதிரிக் கடற்கரைப் பெரும்புள்ளிகளுக்கு 'நெஸ்ஸெகொங்கே' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், முனை ராஜா என்று வைத்துக்கொள்ளுங்கள். 1816இல் ஒரு சட்டம் போட்டுக் கடலையே பங்கு பிரித்து, அந்தந்த ஊர் முதலாளியின் பிடிக்குள் கொடுத்துவிட்டார்கள். எந்த ஊர்க் குடிலில் தங்குகிறாயோ அந்த ஊர்க் கடலில்தான் வலை போடலாம். 1857இல் வந்த லோஃபோட்டன் சட்டம்தான் கடலைத் திறந்துவிட்டது. 41 வருஷம்.

சிவப்பு நிறத்துக்கும் ஒரு காரணம் உண்டு. செங்காவியை மீனெண்ணெயில் குழைத்தால் கைக்காசு அதிகம் ஆகாது. வெள்ளைச் சாயம் விலை அதிகம், அதனால் முதலாளி வீடு வெள்ளை. உங்கள் படத்தில் இருக்கும் அந்த 'அழகு' ஒரு கூலிக் கணக்கு.

நெய்தல்:
கடைசி வரி கொஞ்சம் அதிகப்படி அண்ணா. ஆனால் முனை ராஜா கதை எனக்குப் புதுசாகவே இல்லை. எங்க பக்கம் சம்மாட்டி என்பார்கள். படகும் அவருடையது, முன்பணமும் அவருடையது, மீனுக்கு விலை சொல்வதும் அவரே.

வழிப்போக்கன்:
குறுக்குக்கேள்வி, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. நான் தங்கியதே ஒரு ரூர்பில்தான். ஒரு ராத்திரி வாடகையைச் சொன்னால் என் மனைவி இந்தப் பக்கமும் படிக்கிறாள், வம்பு. உள்ளே போனதும் முதலில் ஒரு சின்ன முன்னறை, வலையும் தூண்டில் கயிறும் வைக்கிற இடம். இப்போது அங்கே வெப்பமூட்டியும் ஷூ அடுக்கும் இருக்கின்றன. உள்ளறையில் ஒரு அடுப்பு, சுவரோரம் அடுக்குக் கட்டில். அருங்காட்சியகத்தில் பழையபடியே வைத்திருக்கும் குடிலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. என் அறையைவிடச் சின்னது. அதில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், ஈரக் கம்பளி உடுப்பை அடுப்புக்கு மேலே தொங்கப்போட்டுக்கொண்டு, இரண்டு மூன்று மாதம். பலகையில் யாரோ கத்தியால் பெயரின் முதல் எழுத்துகளைக் கீறி வைத்திருந்தார்கள். அதைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

1895 சீசனில் மட்டும் 30 ஆயிரத்துக்கு மேல் மீனவர்கள் லோஃபோட்டனுக்கு வந்திருக்கிறார்கள். எல்லாம் திறந்த மரப் படகு, ஒரே சதுரப் பாய். இன்றைக்கு அந்த மொஸ்கெனெஸ் நகராட்சி முழுக்கச் சேர்த்தால் ஆயிரம் பேர்தான், 'ஓ'வில் ஒரு நூறு பேர் இருக்கலாம்.

மிளகுரசம்:
அந்தத் திறந்த படகுக்காரர்கள் ஒரு தரம் சண்டையே போட்டிருக்கிறார்கள். 1890 மார்ச், ட்ரோல்ஃபியோர்ட். குறுகலான ஒரு கடல்வாய், உள்ளே காட் மந்தை. நீராவிக் கப்பல்காரர்கள் அதன் நுழைவில் வலையைக் கட்டி அடைத்துவிட்டு, உள்ளே இருப்பதெல்லாம் எங்களுடையது, வேண்டுமானால் காசு கொடுத்துவிட்டுப் பிடியுங்கள் என்றார்கள். கொதித்துப்போன துடுப்புப் படகுக்காரர்கள் வலையைத் தாண்டி உள்ளே நுழைந்துவிட்டார்கள். கொதிநீரைப் பீய்ச்சி அடித்தும் நகரவில்லை. கொஞ்ச நாளில் அந்த மாதிரி அடைப்பு வலைக்கே தடை வந்தது.

ஒஸ்லோ மாமா:
சண்டை என்றால் உண்மையான யுத்தமும் வந்தது. அதுக்கும் காரணம் மீனெண்ணெய்தான். காட் மீனின் ஈரலைக் காய்ச்சி எடுக்கிற எண்ணெய் முந்தி விளக்குக்கும் தோல் பதனிடவும் போனது. பீப்பாவில் ஈரலைப் போட்டு அழுகவிட்டு மேலே மிதப்பதை அள்ளுவார்கள், மணத்தை நான் சொல்லத் தேவையில்லை. 1850களில் பீட்டர் மோலர் என்ற மருந்துக்கடைக்காரர் நீராவியால் சூடாக்கித் தெளிந்த எண்ணெய் எடுக்கிற முறையைக் கொண்டுவந்தார். இந்த நாட்டில் பெயரில் 'ர்' வருகிற மாதமெல்லாம் பிள்ளைக்கு ஒரு கரண்டி என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிவார்கள். என்ர மகள் இரண்டாம் வகுப்பு வரைக்கும் அதைக் கண்டால் மேசைக்கு அடியில் ஒளிவாள்.

அதே மீனெண்ணெயில் இருந்து கிளிசரின் எடுத்து வெடிமருந்து செய்யலாம். ஜேர்மன்காரர் நோர்வேயைப் பிடித்திருந்த நேரம், 1941 மார்ச் 4, பிரிட்டிஷ் கமாண்டோக்கள் ஸ்டாம்சுண்ட், ஹென்னிங்ஸ்வேர், ஸ்வோல்வேர், ப்ரெட்டெஸ்னெஸ் நாலு இடத்திலும் ஒரே காலையில் இறங்கி எண்ணெய் ஆலைகளை எரித்தார்கள். ஒரு ஜேர்மன் படகில் இருந்து எனிக்மா சங்கேத இயந்திரத்தின் சக்கரங்களும் கிடைத்தன. முந்நூறுக்கு மேற்பட்ட உள்ளூர்ச் சனம் அவர்களோடேயே கப்பலேறிப் போனது. பிறகு ஜேர்மன்காரர் பழிக்கு அங்கே வீடுகளை எரித்தார்கள். வந்து வெற்றி என்று சொல்லிவிட்டுப் போகிறவனுக்குத் தெரியாது, பின்னால் யாருடைய வீடு எரியும் என்று. இது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதே வருடம் டிசம்பர் 26, 'ஓ'வுக்குப் பக்கத்தில் ரெய்னவிலும் மொஸ்கெனெசிலும் மறுபடி இறங்கினார்கள். அதுவும் இரண்டு மூன்று நாள்தான்.

குறுக்குக்கேள்வி:
மாமா சொன்னது மனதில் தைத்துவிட்டது. சண்டை போடும் உற்சாகம் போய்விட்டது, இருந்தாலும் தொடங்கியதைக் கேட்டு முடித்துவிடுகிறேன். பக்கத்துத் தீவில் நூஸ்ஃபியோர்ட் என்ற ஊருக்குள் நுழையவே கோடையில் டிக்கெட் வாங்குகிறார்களாமே? ஊருக்கு டிக்கெட்டா?

வழிப்போக்கன்:
ஆமாம், கொடுத்துவிட்டுத்தான் போனேன். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் 1975 ஐரோப்பியக் கட்டடக்கலை மரபு ஆண்டில் நார்வே மாதிரித் திட்டமாக எடுத்துக் காப்பாற்றிய ஊர்களில் அது ஒன்று. காப்பாற்றாத ஊருக்கு என்ன ஆனது என்பதையும் பாருங்கள். 'ஓ'வுக்கு அந்தப் பக்கம், மலைக்குப் பின்னால், திறந்த அட்லாண்டிக் பார்த்த கரையில் ரெஃப்ஸ்விகா என்று ஒரு ஊர் இருந்தது. துறைமுகம் இல்லை, சாலை இல்லை. 1950 வாக்கில் அரசு உதவிப் பணம் கொடுத்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். இப்போது புல்லில் அஸ்திவாரக் கல் மட்டும். பக்கத்துக் குகையில் சுமார் 3,000 வருஷத்துக்கு முன் சிவப்பில் வரைந்த குச்சி மனிதர்கள் இருக்கிறார்கள்.

டிக்கெட்டா, புல்லா என்று கேட்டால் நான் டிக்கெட்டுக்குத்தான் கை தூக்குவேன். பிடிக்காமல்தான்.

ஒஸ்லோ மாமா:
மூன்றாவது வழியும் இருக்கு தம்பி. ஹென்னிங்ஸ்வேர் போய்ப் பாருங்கள். சின்னச் சின்னத் தீவுகளில் ஒரு 500 பேர், பாலம் வந்ததே 80களின் தொடக்கத்தில்தான். பாறை நுனியில் ஒரு கால்பந்து மைதானம், மேலிருந்து எடுத்த படம் நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தில் மைதானத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் வரி வரியாகத் தெரிவது என்ன என்று யாரும் கேட்பதில்லை. மீன் பந்தல். கோல் அடிக்கிற பந்து கருவாட்டுக்குள் போய் விழும்.

மார்ச்சில் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் நேரே மீன் இறங்குகிற இடத்துக்கு ஓடும். மேசையில் நட்டுவைத்த ஆணியில் காட்டின் தலையைக் குத்தி, ஒரே வெட்டில் நாக்கை எடுக்க வேணும். நாக்கு பிள்ளைக்கு, விற்ற காசும் பிள்ளைக்கு. பெரியவர்கள் அதில் கை வைக்கிறதில்லை, அது பழைய வழக்கம். பத்து வயதுப் பெடியன் ஒருவன் கத்தி தீட்டுகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்கு நாக்கு வெட்டக் கற்றுத்தருகிறாயா என்று கேட்டேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, தள்ளி நில்லுங்கள், தெறிக்கும் என்றான்.

நெய்தல்:
தலையை என்ன செய்வார்கள் மாமா? எங்க வீட்டில் தலைதான் முதலில் போகும்.

ஒஸ்லோ மாமா:
தலையும் காயும், கயிற்றில் கோத்துத் தனிப் பந்தலில். பெரும்பாலும் நைஜீரியாவுக்கு. அங்கே இக்போ சனத்திடம் 'ஒக்பொரோகோ' என்று கேட்டால் முகம் மலரும், சூப்பில் போடுவார்கள். நைஜீரியாவின் உள்நாட்டுப் போரான பியாஃப்ரா யுத்தத்தில், 1967க்கும் 70க்கும் இடையில், பட்டினி கிடந்தவர்களுக்கு நோர்வேயில் இருந்து நிவாரணமாகப் போனதில் இந்த மீன் நிறைய. குளிர்ப்பெட்டி தேவையில்லை, கெடாது, முழுக்கப் புரதம்.

நெய்தல்:
எனக்கு ஒரே ஒரு துண்டு வேணும். தாத்தா கையில் கொடுத்து, உப்பில்லாமல் காய்ந்தது என்று சொல்லி, அவர் முகத்தைப் பார்க்கணும்.

ஒஸ்லோ மாமா:
அனுப்பலாம் பிள்ளை, முகவரியைத் தனிமடலில் போடுங்கள். சமைக்கிறதென்றால் முதலில் சுத்தியலால் நல்லாத் தட்ட வேணும், பிறகு ஒரு கிழமை தண்ணீரில், தினமும் தண்ணீர் மாற்றி. அவசரப்பட்டால் பல்லுப் போகும். போன தைப்பொங்கலுக்கு நான் ஒன்றை வாங்கி வந்து பால்கனியில் கட்டியிருந்தேன். வீட்டுக்குள் வைக்க மனிசி விடவில்லை. மூன்றாம் நாள் கீழ்வீட்டு நோர்வேக்காரக் கிழவி வந்து கதவைத் தட்டினா. மணம் என்று முறையிடத்தான் வந்திருக்கிறா என்று நினைத்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவவின் ஊர் வேரோய், லோஃபோட்டனில் ஒரு தீவு. வாலில் கயிறு போட்ட முடிச்சு பிழை என்று சொல்லி, அவிழ்த்துத் திரும்பக் கட்டிவிட்டுப் போனா.